ஆழ்நீர் கற்பித்த பாடம்

'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆற்றைக் கடப்பவனுக்கும் குளத்தில் இறங்குபவனுக்கும் அஃது ஓர் எச்சரிக்கை. ஆயினும், ஆழத்தை அறிவதற்காகவே தம் உடல் முழுவதையும் நீருக்குள் செலுத்தியோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். தென்பாண்டிக் கடலில் முத்துக் குளித்தோர் அத்தகையோர். அவர்கள் கயிற்றையும் கல்லையும் துணையாகக் கொண்டு, ஒரு மூச்சின் அளவே காலமாகக் கடலடிக்குச் சென்று, சிப்பி வாரி மீண்டனர். தோணியில் நின்றவர் கயிற்றைக் கையிற் பற்றியிருந்தார். கயிறு அசைந்தவுடன் இழுத்தார். குளித்தவனுடைய உயிர் அக்கயிற்றிலும், அதனைப் பற்றியவருடைய கருத்திலும் அடங்கியிருந்தது.

இக்காலத்து முக்குளிப்போர் ஒரு மூச்சோடு நில்லாது, காற்றையே உடன்கொண்டு செல்கின்றனர். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கடற்படை அலுவலராகிய ழாக் கூஸ்தோவும், பொறியாளராகிய எமில் கஞ்ஞானும் இதற்கு ஏற்ற கருவி ஒன்றை அமைத்தனர். அழுத்தி அடைத்த காற்றுக்கலத்தை முதுகிற் சுமந்து செல்வோர், நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில், வேண்டியபொழுது மட்டும் காற்றைப் பெற அக்கருவி உதவிற்று. 'ஸ்கூபா' என்று இன்று வழங்கும் முக்குளிப்பு அதனாற் பரவியது. பொழுதுபோக்காக முக்குளிப்போர் பெரும்பாலும் 40 மீட்டர் ஆழத்திற்குக் கீழே செல்வதில்லை. அதனினும் ஆழமாகச் செல்வதும், நீர் நிறைந்த குகைகளிலும் மூழ்கிய கப்பல்களின் உள்ளறைகளிலும் புகுவதும், வழியிற் பலகால் தங்கித் தங்கி மேலேற வேண்டிய அளவுக்கு நெடும்பொழுது கீழே இருப்பதும் 'நுட்ப முக்குளிப்பு' எனப்படும்.

இவ்வகை முக்குளிப்புக்கும் ஏனையவற்றிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தெளிந்த கடலிற் சிறிது ஆழத்தில் இடர் நேர்ந்தால், மேலே வந்து மூச்சு வாங்கலாம். அங்கு வானமே கூரை. குகையிலோ, தலைக்கு மேலே பாறை. ஆழ்கடலிலோ, தலைக்கு மேலே கண்ணுக்குப் புலனாகாத கூரை ஒன்று உண்டு. அக்கூரையை அமைப்பது நைட்ரஜன். நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகின்றது. அழுத்தம் கூடக்கூட, மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைந்து சேர்கின்றது. மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியாக அமைதியுடன் வெளியேறும். விரைந்து ஏறினாலோ உடலுக்குள்ளேயே குமிழியாகும். சோடாப் புட்டியின் கோலியை அழுத்தியவுடன், அதுவரை அடங்கியிருந்த நீர் நுரைத்துப் பொங்குவதைக் காணாதார் யார்? அப்பொங்குதல் மனிதக் குருதியில் நிகழுமாயின் மூட்டுகள் நோவும், கைகால்கள் முடங்கும், உயிரும் நீங்கும். ஆதலின், ஆழ்நீரில் நேர்ந்த இடரை ஆழ்நீரிலேயே தீர்த்துக்கொள்ளல் வேண்டும். அங்கிருந்து ஓடித் தப்புவதற்கு வழியில்லை.

இவ்வுண்மையை உலகம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. தொழிலாளர் பட்ட பாட்டிலிருந்து கற்றது. நியூயார்க்கு நகரில் புரூக்ளின் பாலம் கட்டப்பட்ட காலத்தில், ஆற்றுக்கு அடியில் அடித்தளம் தோண்டுதற்காகப் பெரிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்து நீருக்குள் இறக்கினர். நீர் உட்புகாதவாறு அவற்றினுள்ளே காற்றை அழுத்திச் செலுத்தினர். அங்கு வேலை செய்து மேலே வந்தோர் பலர் உடல் வளைந்து துடித்தனர், சிலர் மாண்டனர். தலைமைப் பொறியாளராகிய வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-ஆம் ஆண்டில் அந்நோய்க்கு ஆளாகி முடங்கினார். அவர் மனைவியாகிய எமிலி, கணவரின் கருத்துகளைப் பணியாளருக்கு எடுத்துரைத்து வேலை தடையின்றி நடக்கச் செய்தார். பாலம் 1883-இல் திறக்கப்பட்டது. இந்நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழியே என்பதை, பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். பின்னர், இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பவரும் அவர் துணைவரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்தனர். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர், எங்கெங்கே எவ்வளவு தங்கி மேலேற வேண்டும் என்று காட்டும் அட்டவணையை 1908-இல் வெளியிட்டனர். இன்று முக்குளிப்போர் கையிற் கட்டியிருக்கும் சிறு கணிப்பொறியும் எண்களால் அதனையே காட்டுகின்றது. அவ்வெண்களுக்குப் பின்னே பாலம் கட்டிய தொழிலாளரின் முனகல் ஒலிக்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே.

இறந்தவர் தரும் பாடம் ஒருவகை. இறவாமல் தப்பியவர் தரும் பாடம் மற்றொரு வகை. பின்னதற்கு நல்ல சான்றொன்று கூஸ்தோவின் வாழ்விலேயே உண்டு. பிரான்சின் தென்பகுதியில் வோக்ளூஸ் என்னும் புகழ்பெற்ற ஊற்று உள்ளது. மலையடியிலே ஆழ்ந்து கிடக்கும் அச்சுனை, ஆண்டுதோறும் திடீரெனப் பெருகி வழியும். அதன் மறைபொருளை அறிய விரும்பிய கூஸ்தோவும் அவர் நண்பர் பிரெடெரிக் துய்மாவும் 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அதனுள் இறங்கினர். மேலே மொரீஸ் ஃபார்க் என்னும் தோழர் கயிற்றைப் பற்றியிருந்தார்.

இருண்ட ஆழத்தில் இருவர்க்கும் அறிவு கலங்கியது. எதற்காக வந்தோம் என்பதே கூஸ்தோவுக்கு மறந்துபோயிற்று. துய்மா நினைவிழக்கும் நிலையை அடைந்தார். அவரையும் உடன்கொண்டு மீளவேண்டிய கடமை கூஸ்தோவைச் சார்ந்தது. அவர் கயிற்றை அசைத்துச் செய்த குறிப்பு, மேலே நின்றவர்க்கு வேறாகப் பொருள்பட்டது. இழுக்க வேண்டிய ஃபார்க், 'இன்னும் கயிறு வேண்டும் போலும்' என்று கருதி மேலும் மேலும் விடுத்தார். உயிரை இழுத்து மீட்க வேண்டிய கயிறு தளர்ந்து தளர்ந்து கீழே வந்தது! முடிவில், ஏதோ தவறு நேர்ந்துள்ளது என்று உணர்ந்த அவர் விரைந்து இழுக்கவே, இருவரும் உயிருடன் கரை சேர்ந்தனர். அடுத்து இறங்கிய இருவருக்கும் அத்தகைய கலக்கமே உண்டாயிற்று.

பிழைத்தவர்கள் அதனோடு அமைந்திருக்கலாம். குளிர் மிகுதி என்றோ, இருளின் கொடுமை என்றோ, தெய்வம் காத்தது என்றோ கூறி வீடு திரும்பியிருக்கலாம். ஆழத்திற் செல்வோருக்கு நைட்ரஜனால் ஒருவகை மயக்கம் உண்டாவது அவர்கள் முன்பே அறிந்தது. அதன்மேற் பழியைப் போட்டிருக்கவும் கூடும். ஆனால், அவர்கள் அறிந்த ஆழ மயக்கத்தினின்றும் இது வேறுபட்டிருந்தது. ஆகவே ஐயுற்றனர், கலத்தில் எஞ்சிய காற்றை ஆராய்ந்தனர். அதிற் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி கலந்திருந்தது. காற்றை அடைக்கும் பொறியின் இயந்திரம் கக்கிய புகையை, அப்பொறியே மீண்டும் உறிஞ்சிக் கலங்களில் அடைத்துவிட்டது! பகை நீருக்கு அடியில் இல்லை. கரையிலேயே, முதுகிற் சுமந்த கலத்திலேயே இருந்தது. காற்றடைக்கும் பொறியின் வாய், புகைபோக்கியினின்றும் விலகிக் காற்று வரும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும் என்று இன்று எங்கும் வற்புறுத்துகின்றனர். ஐயுற்று ஆராய்ந்த அவர்களுடைய நேர்மை இவ்விதிக்கு உரம் ஊட்டியது என்பது மிகையாகாது.

அன்று கயிற்றை இழுத்து இருவரைக் காத்த ஃபார்க், மறு ஆண்டில், அஃதாவது 1947-இல், காற்றுக்கலத்துடன் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்று ஆராயும்பொழுது உயிர் துறந்தார். ஆழத்தைக் குறிக்கக் கயிற்றிற் கட்டிய பலகையில் அவர் தம் பெயரை எழுதியிருந்தார். அப்பலகை, ஏறத்தாழ 120 மீட்டர் ஆழம் வரை அவர் சென்றதைக் காட்டிற்று. வெறுங்காற்றை மூச்சாகக் கொண்டு அத்துணை ஆழம் செல்லலாகாது என்பதை அவர் தோழர்கள் கண்ணீருடன் கற்றனர்.

இவ்வாறு தனித்தனியே கிடந்த படிப்பினைகளைத் தொகுத்து விதியாக்கிய பெருமை, அமெரிக்க நாட்டின் பிளாரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி என்பவரைச் சாரும். அவர் பள்ளியிற் கணிதம் கற்பித்த ஆசிரியர். பிளாரிடாவில் சுண்ணாம்புப் பாறைகளைக் குடைந்தோடும் தெளிந்த நீர்க்குகைகள் பல உள்ளன. அவற்றின் அழகு கண்டு புகுந்த இளைஞர் பலர் மீளவில்லை. குகைகளையே மூடிவிடல் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. எக்ஸ்லி விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, கணக்கை ஆராய்வது போல ஆராய்ந்தார். 'எந்த அடியில் கணக்குத் தவறிற்று?' என்பதே அவர் வினா. அங்ஙனம் கண்ட விடைகளை 1979-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இறந்தோர் ஆயிரம் வகையில் இறக்கவில்லை; மூன்றே பிழைகள் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன என்று அந்நூல் காட்டிற்று.

முதற்பிழை, வெளிவாயில் வரை தொடர்ந்து செல்லும் வழிக்கயிறு இல்லாமற் குகையிற் புகுதல். குகைநீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். 'வந்த வழி தெரிகிறதே, கயிறு எதற்கு?' என்று தோன்றும். ஆனால், அடியில் மென்துகள் படிந்திருக்கின்றது. கால் ஒருமுறை அதிற் பட்டாற் போதும். நொடிப்பொழுதில் நீர் சேறாகும். கையிலுள்ள விளக்கின் ஒளியும் கண்ணுக்குப் புலப்படாது. அப்பொழுது கண்ணுடையவனும் கண்ணிலானும் ஒன்றே. கையிற் கயிறு உள்ளவன் தடவித் தடவி வெளியேறுவான். இல்லாதவன் வாயிலுக்கு மிக அருகிலேயே வழி காணாது மாய்வான்.

இரண்டாம் பிழை, மீள்வதற்கு வேண்டிய காற்றைக் காத்து வையாமை. அதற்கு விடையாக எழுந்தது மூன்றிலொரு பங்கு விதி. கலத்தில் உள்ள காற்றில் ஒரு பங்கைச் செல்வதற்கும், ஒரு பங்கை மீள்வதற்கும் கொண்டு, எஞ்சிய ஒரு பங்கைத் தொடாது வைத்தல் வேண்டும். இதன் நுட்பத்தை ஒரு கணக்கினால் அறியலாம். இருவர் ஒவ்வொருவரும் 210 பார் அழுத்தமுள்ள கலத்துடன் புகுகின்றனர் என்க. ஒவ்வொருவரும் 70 செலவிட்டதும் திரும்ப வேண்டும். சரியாகத் திரும்பும் இடத்தில் ஒருவருடைய காற்று முற்றும் இழக்கப்பட்டால், மற்றவரிடம் 140 இருக்கும். இருவர் வெளியேறுவதற்கு 70-உம் 70-உமாக 140 வேண்டும். கணக்குச் சரியாகின்றது. ஆகவே, அம்மூன்றாம் பங்கு தனக்கென வைத்த சேமிப்பு அன்று. தோழனுக்கென வைத்த உயிர். அதனைத் தொடுபவன் தன் நண்பனுடைய மூச்சைத் திருடியவன் ஆகின்றான். அச்சத்தில் மனிதர் விரைந்து மூச்சுவிடுவர். ஆதலின் இவ்வளவும் போதாமற் போகலாம் என்று கருதி, இன்னும் முற்படவே திரும்புவோரும் உளர்.

மூன்றாம் பிழை, தம் பயிற்சிக்கும் மூச்சுவளிக்கும் ஒவ்வாத ஆழத்திற்குச் செல்லுதல். ஆழ மயக்கம் கள்மயக்கத்தை ஒத்தது. மயங்கியவன் தான் மயங்கியதை அறியான் என்பதே அதன் கொடுமை. 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று எண்ணிக்கொண்டே எளிய செயலையும் தவறச் செய்வான். இதனாலேயே, மிக ஆழம் செல்வோர் இன்று நைட்ரஜனின் ஒரு பகுதிக்கு மாற்றாக ஹீலியம் கலந்த வளியைக் கொள்கின்றனர். எக்ஸ்லி கூறிய இம்மூன்றோடு, குகைக்கென உரிய பயிற்சி வேண்டும் என்பதும், ஒவ்வொருவரும் மூன்று விளக்குகளைக் கொண்டு செல்லல் வேண்டும் என்பதும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. பிளாரிடாக் குகைகளின் வாயில்களில் எச்சரிக்கைப் பலகைகள் இன்றும் நிற்கின்றன. குகைகளில் உயிரிழந்தோருள் முக்குளிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் உண்டு என்று அவை அறிவிக்கின்றன. கடலிற் பெற்ற தேர்ச்சி குகைக்குப் போதாது என்பது அதன் கருத்து.

யானைக்கும் அடி சறுக்கும் அன்றோ? பிறர் பிழைகளை அத்துணைக் கூர்மையாக ஆராய்ந்த எக்ஸ்லியே, 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், மெக்சிகோ நாட்டிலுள்ள சக்கத்தோன் என்னும் பெரும் நீர்க்குழியில், 300 மீட்டருக்கும் மிக்க ஆழத்தை நாடிச் சென்றபொழுது உயிர் நீத்தார். அதனால் அவர் நூல் பொய்யாகிவிடவில்லை. திறமை ஒருவரைத் தவறு அணுகாதவாறு காக்கும் அரண் அன்று என்னும் உண்மையே மேலும் உறுதிப்பட்டது. அவர் பிறர் இறப்பை ஆராய்ந்த முறையிலேயே பின்வந்தோர் அவர் இறப்பையும் ஆராய்ந்தனர். ஆசிரியருக்கு மாணவர் செலுத்தத்தக்க நன்றி அதனினும் வேறு யாது?

இனி, விபத்து நேராமல் நூலிழையில் தப்பிய நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கணக்கில் வழி தவறாயிருந்தும் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடுவதுண்டு. விடையை மட்டும் நோக்கும் மாணவன் மகிழ்வான். அடுத்த கணக்கில் அவ்வழியே அவனைக் கவிழ்க்கும். தப்பிய நிகழ்ச்சியும் அத்தகையதே. நுட்ப முக்குளிப்போர் ஆழத்திற்கு ஒன்றும், மேலேறும்பொழுது நைட்ரஜன் விரைந்து நீங்குதற்கு ஆக்சிஜன் மிகுந்த மற்றொன்றுமாகப் பல கலங்களைக் கொண்டு செல்வர். கலப்பில்லாத ஆக்சிஜன் 6 மீட்டர் ஆழத்தில் மருந்து. மிக்க ஆழத்தில் அதுவே நஞ்சு. வலிப்பு உண்டாக்கி மூழ்கச் செய்யும். ஆழத்தில் நிற்கும் ஒருவர், பார்க்காமலே கைக்கு எட்டிய குழாயை வாயில் வைக்கப்போய், கடைசி நொடியில் தோழர் தடுத்தமையால் பிழைத்தார் என்று கொள்வோம். ஒன்றும் நேரவில்லை, மேலே வந்து சிரித்துப் பேசலாம். ஆனால் அறிவுடையோர், 'ஏன் அக்குழாய் கைக்கு எட்டிற்று?' என்று வினவுவர். இவ்வினாவை மதித்தோர் இன்று ஒவ்வொரு கலத்தின் மீதும் அதற்குரிய ஆழத்தைப் பெரிய எண்ணால் எழுதுகின்றனர். கலத்தை மாற்றும்பொழுது ஒருவர் காட்ட, மற்றவர் எண்ணைப் படித்து, குழாயைத் தொடர்ந்து நோக்கித் தலையசைத்த பின்னரே அவ்வளியை மூச்சாகக் கொள்கின்றனர்.

தப்பித்தல் பழகப் பழக, பிழை பிழையாகத் தோன்றாது. மூன்றாம் பங்கில் இன்று சிறிது குறைத்தவன் ஊறின்றி மீண்டால், நாளை இன்னும் சிறிது குறைப்பான். சில நாளில் அக்குறைவே அவனுக்கு முறையாகிவிடும். அமெரிக்க விண்கலமாகிய சேலஞ்சர் 1986-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெடித்து எழுவர் மாண்டனர். அதனை ஆராய்ந்த டயன் வாகன் என்னும் சமூகவியல் அறிஞர், முந்திய பயணங்களிலேயே தோன்றிய பழுதுகள், கலம் நலமாக மீண்டமையால், ஏற்கத்தக்கனவாகக் கொள்ளப்பட்டன என்று காட்டினார். இதனை 'வழுவே வழக்காதல்' என்று கூறலாம். இலக்கணத்தில் வழுவமைதி என்பதொன்று உண்டு; ஒரு காரணம் பற்றி வழுவையும் அமைத்துக்கொள்வர். நீருக்கு அடியில் அவ்வமைதி இல்லை. கடல் எவருடைய வழுவையும் அமைத்துக்கொள்வதன்று.

ஆயின், தம் பிழையைப் பிறர் அறியக் கூறுதல் எளிதோ? தேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர்க்கு அது மிக அரிது. நாணம் தடுக்கும், நகைப்பரே என்ற அச்சம் தடுக்கும். அதனை மறைப்பதால் விளையும் கேட்டை வான்வழிப் போக்குவரத்து ஒருமுறை கண்டது. 1974-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வாஷிங்டன் நகரை நோக்கி வந்த வானூர்தி ஒன்று, உரிய உயரத்தினும் தாழ்ந்து மலையில் மோதி, 92 பேரும் மாண்டனர். ஆறு கிழமைகளுக்கு முன்பு மற்றொரு நிறுவனத்தின் வானூர்தி அதே மலையில் மோதாது அரிதில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் ஓட்டிகளை எச்சரித்தது. ஆனால் அச்செய்தி பிறரை எட்டவில்லை. இதன் பின்னர், 1976-இல், தப்பிய நிகழ்ச்சிகளைத் தண்டனைக்கு அஞ்சாது எழுதியனுப்பும் முறை அமெரிக்காவில் ஏற்பட்டது. முக்குளிப்பிலும் இந்நெறி உண்டு. 1953-இல் தோன்றிய பிரித்தானிய முக்குளிப்போர் கழகம், விபத்துகளையும் தப்பிய நிகழ்ச்சிகளையும் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்டு வருகின்றது. அதனைப் படிப்போர் பழி கூறுதற்குப் படிப்பதில்லை. தம்மைக் காத்தற்குப் படிக்கின்றனர்.

பழி கூறுதல் எளிது. 'அவன் மூடன், அதனால் இறந்தான்' என்று சொன்னவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது, 'யான் மூடன் அல்லேன், ஆதலின் எனக்கு நேராது' என்னும் இறுமாப்பும் உடன் பிறக்கின்றது. விளைவை அறிந்த பின்னர் எல்லோரும் அறிஞரே. அந்நேரத்தில், அவ்விருளில், அவர் செய்தது அவருக்குச் சரியென ஏன் தோன்றிற்று என்று வினவுதல் வேண்டும். 'யார்?' என்னும் வினா ஒருவரைத் தண்டிக்கும், 'எவ்வாறு?' என்னும் வினா பலரைக் காக்கும். இதனை உணர்ந்த குகை முக்குளிப்போரிடையே உயர்ந்ததொரு மரபு உண்டு. குழுவில் எவரும், எந்நேரத்திலும், எக்காரணத்திற்காகவும் 'திரும்புவோம்' என்று குறிகாட்டலாம். இளையவர் காட்டினும் மூத்தவர் உடனே திரும்புவர். ஏன் என்று நீரடியில் வினவுவதில்லை. கரை சேர்ந்த பின் இகழ்வதும் இல்லை.

இப்படிப்பினைகள் எல்லாம் ஒருங்கே பயன்பட்ட இடம் தாய்லாந்து நாட்டுத் தாம் லுவாங் குகை. 2018-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள், கால்பந்துக் குழுவைச் சேர்ந்த சிறுவர் பன்னிருவரும் அவர்தம் பயிற்றாளரும் அக்குகையில் நுழைந்தனர். மழைவெள்ளம் வாயிலை அடைத்தது. சூலை 2-ஆம் நாள், வழிக்கயிற்றை அமைத்துக்கொண்டே சென்ற பிரித்தானியக் குகை முக்குளிப்போராகிய ரிச்சர்டு ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் ஆகிய இருவரும் அவர்களைக் கண்டனர். காற்றுக்கலங்களை உள்ளே வைத்து மீண்டபொழுது, தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குணன் உயிர் துறந்தார். முக்குளித்துப் பழகாத சிறுவரை வெளிக்கொணர்வது எவ்வாறு?

இங்கே, தப்பிய நிகழ்ச்சி ஒன்று வழிகாட்டிற்று. சிறுவரைத் தேடியபொழுது, குகையில் அகப்பட்டிருந்த தொழிலாளர் சிலரை அவ்விருவரும் சிறிது தொலைவே நீருக்கடியில் அழைத்துவந்தனர். அச்சிறு தொலைவிலேயே அவர்கள் அச்சத்தால் திமிறினர். உயிர்ச்சேதம் நேராமற் போனது அரிது. வளர்ந்த ஆடவரே இவ்வாறு திமிறினால், நெடுந்தொலைவு வரவேண்டிய சிறுவர் நிலை யாதாகும்? ஆகவே, சிறுவரை மருந்தால் உறங்கச் செய்து, முகம் முழுவதும் மூடும் மூச்சுக்கவசம் அணிவித்துக் கொணர்வதென்று துணிந்தனர். சூலை 8-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை பதின்மூவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். இறுதி நாளில், மீட்போருள் ஒருவர், உறங்கும் சிறுவனை ஏந்தி வரும் வழியில், கலங்கிய நீரில் வழிக்கயிற்றைத் தவறவிட்டார். சில நிமிடங்கள் தடவித் தேடியும் அஃது அகப்படவில்லை. மின்கம்பி ஒன்று கையிற்பட, அதனைப் பற்றிச் சென்று, தாம் கடந்துவந்த குகையறையையே மீண்டும் அடைந்தார். பின்வந்த தோழர்கள் உதவச் சிறுவன் காக்கப்பட்டான். உலகமே புகழ்ந்த வெற்றியின் நடுவில் இதனை மறைத்திருந்தால் அறிவார் யார்? ஆயினும் அவர் அதனை ஒளியாது உரைத்தார். அவ்வுரை, இனி ஒருநாள் ஏதோ ஒரு குகையில் யாரோ ஒருவர் பற்றிக்கொள்ளும் கயிறாகும்.

பள்ளியில் விடைத்தாள் திரும்பி வரும்பொழுது, சிவப்பு மையைக் கண்டு தாளை மடித்து மறைக்கும் மாணவனும் உண்டு. எந்த அடியில் தவறினோம் என்று விரித்து நோக்கும் மாணவனும் உண்டு. தவறிய இடத்தை அடுத்திருக்கும் தோழனுக்கும் காட்டி, 'இங்கே கவனமாயிரு' என்று கூறுபவன் மூன்றாமவன். முதல்வன் பிழையைச் சுமக்கின்றான். இரண்டாமவன் பிழையினின்றும் நீங்குகின்றான். மூன்றாமவனோ தன் பிழையையும் பிறர்க்குப் பயனாக்குகின்றான். ஆழ்நீரின் விதிகள் யாவும் இம்மூன்றாமவர் தந்த கொடை. ஒருவர் வாய்திறந்து கூறிய பிழை, அவரை அறியாத பலருடைய உயிருக்கு வழிக்கயிறு ஆகின்றது.